மணி அடித்தவளைத் திட்டாதீர்கள்!

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், சத்துமாவு தயாரிப்புக் குழுவின் பொறுப்பாளர்கள் மூவரும் சேர்ந்து எழுதி வாசித்த உரை)



"உங்க குழு நல்லா நடக்குதே, அந்த வெற்றிக் கதையைச் சொல்லுங்க" என்று கூட்டமைப்பில் கேட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தோம். வெற்றியைச் சொல்வதற்கு முன்னால், நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொன்னால்தான் கதை முழுசாகும் என்று தோன்றியது. அதனால் அதையே முதலில் சொல்கிறோம். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள். திட்ட வேண்டிய இடத்தில் மனசுக்குள் திட்டிக்கொள்ளுங்கள்!

நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வாடகை அறையில் சத்துமாவு தயாரிக்கிறோம். தானியத்தைக் கழுவி, ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து, மில்லில் அரைத்து, சலித்து, அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். ஒரு முறை டவுன் கடை ஒன்றுக்கு 120 பாக்கெட் அனுப்பினோம். பத்தே நாளில் 40 பாக்கெட் திரும்பி வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் மாவு கட்டி கட்டியாக இருக்கிறது. ஒரு மாதிரி வாடை வேறு.

எங்களுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பாக்கெட்டுக்கு சீல் போட்டது யார் என்று பார்த்தோம். எங்கள் குழுவிலேயே வயதில் சின்னவள். "என்னம்மா, இப்படிப் பண்ணிட்ட? கண்ணு எங்க இருந்துச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டோம். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நாங்கள் சொல்லவிடவில்லை. அவள் கூலியில் 100 ரூபாயையும் பிடித்துக்கொண்டோம். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை.

அடுத்த மாதம் வேறு ஒருத்தர் சீல் போட்டார். நல்ல அனுபவசாலி. மறுபடியும் பாக்கெட் திரும்பி வந்தது. அதே கட்டி, அதே வாடை! அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தப்பு அந்தப் பொண்ணு கையில் இல்லை. அப்போ எங்கே இருந்தது?

அந்தக் கேள்வியோடு இருந்த நேரத்தில்தான் மாவட்டத் தலைநகரில் ஒரு பயிற்சிக்குப் போனோம். பயிற்சியாளர் ஜப்பான் கார் கம்பெனி கதையைச் சொன்னார். "நமக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைத்தபடிதான் கேட்டோம். ஆனால் கதை காரில் தொடங்கவில்லை. தறியில் தொடங்கியது.

தறி சொன்ன பாடம்

ஜப்பான் நாட்டில் சகிச்சி டொயோடா என்று ஒருவர். 1867-ல் பிறந்தவர், கிராமத்துத் தச்சர் மகன். அவர் ஊரில் பெண்கள் வீட்டில் கைத்தறி நெய்வார்கள். அவர் அம்மாவும் நெய்தார். அந்தக் கஷ்டத்தைக் குறைக்க வேண்டும் என்று மரத்தில் ஒரு தறி செய்து, 1891-ல் அதற்கு உரிமம் வாங்கினார். அதோடு நிற்கவில்லை. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே போனார். 1924-ல் அவர் முடித்த தானியங்கித் தறியில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு இழை அறுந்தாலும் தறி தானாகவே நின்றுவிடும்!

தறி நெய்கிற சகோதரிகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். இழை அறுந்தது தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் அத்தனை துணியும் பாழ். அதனால் ஒவ்வொரு தறிக்கும் ஒரு ஆள் கண் கொட்டாமல் நிற்க வேண்டியிருந்தது. தறியே நின்று "இங்க தப்பு இருக்கு, வந்து பாரு" என்று சொல்லிவிட்டால், ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். துணியும் பாழாகாது.

சகிச்சியின் மகன் கிய்ச்சிரோ, 1937-ல் கார் கம்பெனியைத் தொடங்கினார். அதுதான் டொயோட்டா. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்ற பிறகு, கம்பெனியில் கையில் காசு இல்லை. 1950-ல் கடன் கழுத்தை நெரித்தது. ஆட்களைக் குறைத்தார்கள், வேலைநிறுத்தம் நடந்தது, கிய்ச்சிரோ பதவியை விட்டு விலகினார். அந்தக் காலத்தில் அங்கே பொறுப்பில் இருந்தவர் தாயிச்சி ஓனோ. அவரும் முதலில் டொயோடா குடும்பத்து நூற்பாலையில் வேலை பார்த்து வந்தவர்தான்.

பணக்காரக் கம்பெனிகள் போல மலை மலையாகச் சரக்கு வாங்கிக் குவிக்க முடியாது. அதனால் ஓனோ ஒரு வழி பிடித்தார். வேண்டியதை, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு மட்டும் செய்வது. தறியின் பாடத்தையும் கார் வேலைக்குக் கொண்டு வந்தார்கள். வேலை நடக்கிற வரிசையில் தலைக்கு மேலே ஒரு கயிறு இருக்கும். இப்போது பல இடங்களில் அது பொத்தானாகிவிட்டது. தப்பைப் பார்க்கிற எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடி வருவார். அங்கேயே சரிசெய்ய முடியவில்லை என்றால், வரிசையே நின்றுவிடும்.

இந்த முறையைப் பின்னால் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் படித்துப் பார்த்து, 1988-ல் 'லீன்' என்று பெயர் வைத்தார்கள். வேண்டாத சதை இல்லாதது என்று பொருள். தினமும் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போவதற்கு ஜப்பான்காரர்கள் சொல்வது 'கைசென்'. 'நல்லதாக மாற்றுவது' என்று அர்த்தமாம்.

ஐந்து முறை 'ஏன்?'

ஓனோவுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு தப்பு நடந்தால் "யார்?" என்று கேட்க மாட்டார். "ஏன்?" என்று கேட்பார். பதில் வந்ததும் அந்தப் பதிலைப் பார்த்து மறுபடி "ஏன்?" என்பார். இப்படி ஐந்து முறை. அப்போதுதான் வேர் வரைக்கும் போக முடியும் என்பது அவர் எண்ணம்.

பயிற்சியிலிருந்து வந்து எங்கள் அறையிலேயே உட்கார்ந்து கேட்டுப் பார்த்தோம்.

மாவு ஏன் கட்டி தட்டியது? பாக்கெட்டுக்குள் வேர்த்து ஈரம் கோத்திருக்கிறது.

ஏன் வேர்த்தது? மில்லில் இருந்து வந்த மாவை, சூடு ஆறுவதற்கு முன்னாலேயே பாக்கெட்டில் போட்டு சீல் வைத்துவிட்டோம்.

ஏன் ஆறவிடவில்லை? மாவு வந்ததே சாயங்காலம் 4 மணிக்கு. கடைக்குப் போகிற வண்டி 6 மணிக்கு.

ஏன் அவ்வளவு தாமதம்? தானியம் வாங்கினதே இரண்டு நாள் பிந்தி. ஊறப்போட்டு, முளைகட்டி, காயவைக்கிற வேலையை அவசரப்படுத்த முடியுமா?

ஏன் பிந்தி வாங்கினோம்? பேங்கில் பணம் இருந்தது. ஆனால் காசோலையில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இன்னொருத்தர் "மாசக் கூட்டத்துல பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

சகோதரிகளே, அந்தக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் வேறு யாரும் இல்லை. இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிற நாங்கள்தான்! ஐந்தாவது 'ஏன்' எங்கள் கையெழுத்தில் வந்து நின்றது. நாங்கள் செய்த தாமதத்துக்கு, அந்தச் சின்னப் பொண்ணு கூலியைப் பிடித்திருக்கிறோம்.

அன்று இரவு மூன்று பேருக்கும் தூக்கம் இல்லை. மறுநாள் அவள் வீட்டுக்குப் போனோம். பிடித்த 100 ரூபாயைக் கொடுத்து, "தப்பு எங்களுதும்மா, மன்னிச்சிடு" என்றோம். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "அக்கா, அன்னைக்கு மாவு சூடா இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முந்தின தடவை, மாவு சரியா சலிக்கலைன்னு சொன்னதுக்கு, 'வண்டி போயிடும், வேலையைப் பாரு'ன்னு சத்தம் போட்டீங்க. அதான் சொல்லலை."

இதை மட்டும் நீங்கள் மறக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம். தப்பு அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அவள் வாயை அடைத்தது நாங்கள். தறிக்கே "நில், தப்பு இருக்கு" என்று சொல்லத் தெரிந்தது. நாங்கள் மனுஷியைச் சொல்லவிடவில்லை.

எழுந்து நின்று பொறுப்பேற்பது எவ்வளவு பெரியவர்களுக்கும் வருகிற வேலைதான். 2009, 2010-ல் டொயோட்டா கார்களிலேயே குறை கண்டுபிடிக்கப்பட்டு, லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. அப்போது கம்பெனித் தலைவராக இருந்தவர் அகியோ டொயோடா, சகிச்சியின் கொள்ளுப்பேரன். 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய் மன்னிப்புக் கேட்டார். திருத்திக்கொண்டே போகிறவர்களுக்கும் சறுக்கும். மறைக்காமல் ஒப்புக்கொண்டால்தான் அடுத்த திருத்தம் நடக்கும்.

நாங்கள் மாற்றிக்கொண்டது

அந்தப் பொண்ணு திரும்ப வந்தாள். அவள் சொன்ன யோசனையிலேயே வேலையைத் தொடங்கினோம்.

முதல் மாற்றம், மணி. பழைய சைக்கிள் மணி ஒன்றைச் சுவரில் பொருத்தினோம். தப்பைப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் அடிக்கலாம். மணி அடித்தால் எல்லாரும் கையை நிறுத்த வேண்டும். பொறுப்பாளர் வர வேண்டும். வந்ததும் முதல் வார்த்தை "நல்லவேளை சொன்னே" என்றுதான் இருக்க வேண்டும். இதைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிட்டோம். முதல் வாரம் யாருமே அடிக்கவில்லை, பயம்! அப்புறம் எங்களில் ஒருத்தரே தான் எடை போட்டதில் தப்பு கண்டு, தானே அடித்தார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் கை வந்தது.

இரண்டாவது, சிவப்புக் கோடு. தானிய டின்களில் உள்பக்கம் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு போட்டோம். கேழ்வரகு அந்தக் கோட்டுக்கு இறங்கினால், யாரையும் கேட்காமல் வாங்கும் பட்டியலில் எழுத வேண்டும். டொயோட்டாவில் இதற்கு அட்டை வைத்திருக்கிறார்களாம். நமக்குக் கோடு போதும். வீட்டில் அரிசிப் பானை அடி தெரிகிறதற்கு முன்னாலேயே நாம் கடைக்குச் சொல்லிவிடுவதில்லையா? அதே கணக்குதான்.

மூன்றாவது, கையெழுத்து நாள். மாதத்தில் இரண்டு தேதி குறித்துவிட்டோம். அன்றைக்கு, சிவப்புக் கோட்டுப் பட்டியலையும் தொகையையும் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டியவர்கள் கட்டாயம் வர வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்கிறோம். வேலை சுலபமாகட்டும் என்று வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்காதீர்கள்! இரண்டு கையெழுத்து என்பது நம் பணத்துக்குப் பூட்டு. பூட்டைக் கழற்றி எறியாதீர்கள். பூட்டைத் திறக்க நேரத்துக்கு வாருங்கள்.

நான்காவது, அரைக்கிற நாளையும் அனுப்புகிற நாளையும் பிரித்தோம். அரைத்த மாவை வெள்ளைத் துணியில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, மறுநாள்தான் பாக்கெட். சீக்கிரம் ஆறட்டும் என்று ஒரு நாள் ஃபேன் போட்டுப் பார்த்தோம். மாவு பறந்து, அத்தனை பேர் தலையும் நரைத்துவிட்டது! அந்த யோசனையை அன்றே கைவிட்டோம். ஆனால் 'சின்ன மாற்றம்' நோட்டில் அதையும் எழுதி வைத்திருக்கிறோம். எது சரிப்படவில்லை என்று தெரிந்துகொண்டதும் லாபம்தானே?

ஏழு விரயம்

ஓனோ ஏழு வகை விரயத்தைக் கணக்கு எடுத்தார். எங்கள் அறையிலேயே ஏழும் இருந்தன.

1. தேவைக்கு மேல் தயாரிப்பது. ஆர்டர் வருவதற்கு முன்பே அரைத்து வைத்து, பழசாக்கினோம்.

2. காத்திருப்பது. மாவு வரும் வரைக்கும் பத்துப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

3. பொருளை அங்கும் இங்கும் தூக்குவது. மூட்டையை உள்ளே வைத்து, வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தோம்.

4. வாங்குகிறவருக்கு வேண்டாத வேலை. ஒரே கணக்கை மூன்று நோட்டில் எழுதினோம்.

5. சரக்கை முடக்குவது. விலை மலிவு என்று ஒரு மூட்டை கூடுதலாக வாங்கி, வண்டுக்குக் கொடுத்தோம்.

6. வீண் நடை. தராசு ஒரு மூலை, சீல் மெஷின் எதிர் மூலை.

7. தப்பாகிப் போனதைத் திரும்பச் செய்வது. அதுதான் அந்த 40 பாக்கெட்.

பின்னால் வந்தவர்கள் எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். ஆளிடம் இருக்கிற அறிவைப் பயன்படுத்தாமல் விடுவது. எங்களைக் கேட்டால் அதைத்தான் முதலில் எழுதுவோம்.

"இதெல்லாம் ஆளைக் குறைக்கிற வேலைதானே?" என்று ஒரு சகோதரி பயிற்சியிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. அப்படிப் பயன்படுத்துகிற முதலாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் நம் குழுவில் முதலாளியும் நாமே, தொழிலாளியும் நாமே. யோசனை சொன்னவர் வேலையே போய்விடும் என்றால் அடுத்த யோசனை வராது. அதனால் மிச்சமாகிற நேரத்தில் ஒருத்தரையும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தோம். அந்த நேரத்தில்தான் இப்போது குழம்பு மிளகாய்த்தூளும் செய்கிறோம்.

வேகமாக ஓடுவது வேறு, ஒழுங்காக அமைப்பது வேறு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது. அங்கே ஆபரேஷன் அறையில் மேஜைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஒருவருக்கு டாக்டர் ஆபரேஷன் செய்யும்போதே, அடுத்த மேஜையில் அடுத்தவரைத் தயார் செய்துவிடுவார்கள். முடிந்ததும் டாக்டர் திரும்ப வேண்டியதுதான். அப்படித் தயார் செய்கிறவர்கள் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள்! டாக்டரின் காத்திருப்பு குறைந்ததால், இல்லாதவர்களுக்கும் பார்வை கிடைத்தது.

தவணை தவறினவளிடமும் 'ஏன்?'

தயாரிப்புக் குழு இல்லாதவர்கள், "நமக்கு இதில் என்ன?" என்று நினைக்க வேண்டாம். எங்களில் ஒருத்தர் தன் சேமிப்புக் குழுவிலும் இதைச் செய்து பார்த்தார். ஒரு உறுப்பினர் மூன்று மாதமாகத் தவணையை நேரத்துக்குக் கட்டவில்லை. வழக்கமாக என்ன செய்வோம்? கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, "வாங்கும்போது இனிக்குது, கட்டும்போது கசக்குதா?" என்போம். அபராதம் போடுவோம். அவள் தலை குனிந்து போவாள்.

இந்த முறை தனியாகக் கூப்பிட்டு, "ஏன் கட்ட முடியலை? சொல்லும்மா" என்று கேட்டார்கள். அவள் கட்டுவது பால் பணத்திலிருந்து. அந்தப் பணம் கைக்கு வருவது, குழுக் கூட்டம் முடிந்த இரண்டாம் நாள்! அதுவரை கையில் ஒன்றும் இல்லை. பணம் வந்ததும் மளிகைக் கடன் முந்திக்கொள்கிறது. விசாரித்தால், மாடு வைத்திருக்கிற இன்னும் நாலு பேருக்கும் அதே நெருக்கடி. அவர்கள் வெளியே கைமாற்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் பேசி, தவணைத் தேதியை மூன்று நாள் தள்ளி வைத்தார்கள். அவ்வளவுதான். அவள் இப்போது ஒழுங்காகக் கட்டுகிறாள். மற்ற நாலு பேருக்கும் கைமாற்று வாங்குகிற வேலை இல்லை.

எல்லாத் தவறுக்கும் தேதி காரணமாக இருக்காது. ஏமாற்றுகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் கேட்டால்தானே எது எது என்று தெரியும்?

தலைமை என்றால் முன்னால் உட்காருகிற நாற்காலி என்று நாங்களும் நினைத்திருந்தோம். வேலை நடக்கிற இடத்துக்குப் போய் நின்று பார்ப்பதும், கேட்பதும், மற்றவர் கையைத் தடுக்கிற கல் நம் காலடியில் இருந்தால் முதலில் அதை எடுப்பதும்தான் தலைமை என்று இப்போது தெரிகிறது.

முடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று வேலை கொடுக்கிறோம். ஒன்று, அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து, ஐந்து முறை 'ஏன்?' கேளுங்கள். பதிலில் ஆள் பெயர் வந்தால், "அவங்களை அப்படிச் செய்ய வச்சது எது?" என்று இன்னொரு முறை கேளுங்கள். இரண்டு, மாதத்துக்கு ஒரு சின்ன மாற்றம் செய்து, பலித்ததா இல்லையா என்று நோட்டில் எழுதுங்கள். மூன்று, உங்கள் குழுவில் அதிகம் பேசாத சகோதரி யார் என்று பாருங்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேளுங்கள்.

எங்கள் குழுவில் அன்று பேசாமல் இருந்தவள்தான் இன்று தரம் பார்க்கும் பொறுப்பில் இருக்கிறாள். அவள் "ஆறிடுச்சு" என்று சொன்னால்தான் ஒரு பாக்கெட்டுக்கும் சீல் விழும். போன வாரம் அவள் மணி அடித்தாள். தப்பு எங்களில் ஒருத்தருடையது! போய் நின்று, "நல்லவேளை சொன்னே" என்றோம்.

தப்பைச் சொல்பவர் குழுவின் கண். அந்தக் கண்ணைக் குத்தாமல் காப்போம்!